நடுக் காபரேட்டர்

உங்கள் பொலிஸ் நிலையத்தின் இந்த அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் கராஜில் அப்படி இல்லை. வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருந்த இடம் அது. மாசி மாதம் முழுக்க ஸ்பானரைத் தொட்டாலே விரல் விறைத்துவிடும். தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்த்துக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. அதிகாரிகள் முன்னால் பேச வாயெடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது பயம் கொஞ்சம் குறைகிறது.

நீங்கள் எல்லோரும் காரைப் பற்றித்தான் கேட்டீர்கள். அது ஜம்புநாதனுடைய கார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கை நிறையச் சம்பளம். 1930-களின் ஃபோர்ட் உடம்பு ஒன்றை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் வைத்து ‘ஹொட் றொட்’ கட்டுவதில் அவருக்குப் பைத்தியம். எஞ்சின் என்னவோ புதிது. கொம்பியூட்டர் அளந்து பெற்றோல் கொடுக்கிற வகை. ஆனால் பொனெட்டைத் திறந்தால் அது ஐம்பது வருடப் பழசாகத் தெரியவேண்டும். அந்த வேலைக்குத்தான் நான். பழைய மாதிரி மூடிகள், பித்தளைக் குழாய்கள், மேலே வரிசையாக மூன்று காபரேட்டர் எல்லாம் செய்து மாட்டினேன். மூன்று காபரேட்டரும் வெறும் கூடு. உள்ளே இருந்தவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு அடியைத் தகட்டால் அடைத்தேன். எஞ்சினுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“பாக்குறவன் ஏமாந்தா போதாது, மெக்கானிக்கே ஏமாறணும்,” என்றார் ஜம்புநாதன். “முடியுமா?”

“ஏலும்,” என்றேன்.

ஏழு வருடமாக நான் செய்துவந்ததும் அதுதான். உங்கள் பதிவில் என் பெயர் செபஸ்தியாம்பிள்ளை மரியநாயகம் என்று இருக்கிறது. அது என் பெயர் அல்ல. மரியநாயகமும் நானும் எண்பத்தாறாம் ஆண்டு ஒரே லொறியில் ஒளிந்து வந்தோம். ஜெர்மன் எல்லைக்கு இந்தப் பக்கம், பனியில், இரண்டாம் நாள் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். அவனிடம் பள்ளிச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், தடுப்பு முகாமில் இருந்ததற்கான கடிதம் எல்லாம் இருந்தன. என்னிடம் ஒன்றும் இல்லை. ஜாக்கெட்டின் உள்பையில் வைத்திருந்தான், அதனால் ஜாக்கெட்டோடு எடுத்துக்கொண்டேன். அப்போது அவன் மூச்சு நின்றிருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. லொறிக்குள் ஒரே இருட்டு.

குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தில், அவன் கதையை என் கதையாகச் சொன்னேன். நம்பினார்கள். அன்றிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிற வேதக்காரன். கதவடியில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் முதலில் உறையின் நிறத்தைத்தான் பார்ப்பேன். மண்ணிற அரசாங்க உறை என்றால் நாள் முழுக்கப் பிரிக்காமலே வைத்திருப்பேன். ஏழு வருடம் அப்படிப் போனது.

தொண்ணூற்று மூன்று மார்கழியில் றெஜினோல்ட் வந்தான். மரியநாயகத்தின் தம்பி. செபஸ்தியாம்பிள்ளை மரியநாயகம் என்ற பெயரில் ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்று லூயிஷாமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு கேக் பெட்டியோடு, வாயெல்லாம் சிரிப்பாக, கராஜுக்குள் ஓடி வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

லொறியில் அவன் அண்ணன் இறந்துபோனதைச் சொன்னேன். ஜாக்கெட்டைச் சொல்லவில்லை. அவன் கேக் பெட்டியை மேசையில் வைத்தான். பிறகு கேட்டான்:

“எங்கை தாட்டவை?”

“தெரியாது,” என்றேன். அவனைப் புதைத்த இடம் எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. வேலை கேட்டான். கொடுத்தேன், வேறென்ன செய்வது. மினிகாப் என்கிற வாடகைக் கார்களுக்கு பிரேக் மாற்றுகிற வேலை. என்னை “அண்ணை” என்று கூப்பிட ஆரம்பித்தான். ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எதையோ ஞாபகப்படுத்துகிறான் என்றே பட்டது. இரவில் நித்திரை போய்விட்டது.

மாசி நடுவில் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னான்:

“வாற வியாழன் குரோய்டனிலை எனக்கு இன்டர்வியூ. கூடப்பிறந்த ஆக்களைப் பற்றிக் கேப்பினமாம். என்ன சொல்லுறதெண்டு நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ அண்ணை.”

பயப்படாதே என்று ஒருவன் சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இனி அந்த வியாழனுக்கு முதல்நாள், புதன்கிழமை. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகத் தடை. அங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன, மண்ணெண்ணெயில் எஞ்சின் லேசில் பிடிக்காது. அதனால் ஆளுக்கொரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபரேட்டர் வாயில் கொஞ்சம் பீச்சிவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள். றெஜினோல்ட் மூன்று வருடம் அப்படியே வேலை செய்தவன். இங்கே ஒழுங்காக ஓடும் மினிகாப் காலையில் ஒருதரம் இருமினாலே அவன் கை போத்தலைத் தேடும். இந்த நாட்டு மெக்கானிக் யாரும் அப்படிச் செய்யமாட்டான். அவன் செய்வான். அதை நான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜம்புநாதனின் காரை அவனுக்கு அதுவரை காட்டியதில்லை, உறை போட்டு மூடியே வைத்திருந்தேன். செவ்வாய் பின்னேரம் நடுக் காபரேட்டரின் அடித்தகட்டில் ஒரு துளை போட்டேன். அதற்கு நேர் கீழே போகும் ஒரு மின்கம்பியின் றப்பரை, ஸ்டார்ட் பண்ணினால் பொறி பறக்கும்படி சுரண்டினேன். எஞ்சின் பிடிக்காதபடி பம்பின் வயரைக் கழற்றினேன். டிரைவர் சீற்றில் ஏறாமலே ஸ்டார்ட் பண்ண எஞ்சின் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்தேன். குனிந்து வேலை செய்கிறவனுக்கு அது வசதி.

புதன் மத்தியானம் உறையை எடுத்தேன். அவன் முகம் மலர்ந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

“எங்கடை ஒஸ்ரின் காருகள் மாதிரி, கண்ணாலை பாத்து விளங்கிற எஞ்சின்,” என்று மூன்று காபரேட்டரையும் விரலால் தடவினான். “இதை ஆர் அண்ணை செய்தது?”

“பழசுதான். ஸ்டார்ட் வருகுதில்லை. ஒருக்காப் பாரும். நான் பால் வாங்கிக்கொண்டு வாறன்.”

போத்தல் மேசையில் இருந்தது. நான்தான் நிரப்பி வைத்திருந்தேன். போகும்போது ஷட்டரை இறக்கினேன், குளிர் உள்ளே வரும் என்பதால். பூட்டும் போட்டேன், அந்தப் பக்கம் களவு அதிகம். கடையில் எனக்கு முன்னால் ஒரு கிழவி சில்லறையைத் தேடிக்கொண்டு நின்றாள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை. திரும்பி வந்தபோது ஷட்டருக்கு அடியால் புகை வந்துகொண்டிருந்தது, அவன் உள்ளேயிருந்து ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். “அண்ணை, அண்ணை” என்று கேட்டது. பூட்டின் திறப்பு என் பையில்தான் இருந்தது. பாலை நிலத்தில் வைத்துவிட்டுத் தேடினேன், அதனால் எடுக்க நேரமாயிற்று. எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். தட்டுவது நிற்கும் வரை. பிறகு பூட்டைக் கழற்றினேன், தீயணைப்பு வண்டி வருமுன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் உங்கள் ஆட்கள் என் வீட்டுக்கு வந்தபோது பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, துக்கமான செய்தி என்றார்கள். அவனுடைய அறையில், குரோய்டனுக்குக் கொடுக்க நிரப்பி வைத்திருந்த படிவம் கிடைத்ததாம். கூடப்பிறந்தவர்கள் என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தது: ‘ஒரு தமையன். செ. மரியநாயகம். உயிரோடு இருக்கிறார். வால்தம்ஸ்டோ.’ கீழே நான் குடியிருக்கும் விலாசம், தபால் குறியீடு வரை சரியாக.

அவன் யோசித்து வைத்திருந்தது அதுதான்.

உடலைப் பொறுப்பேற்க நான் கையெழுத்துப் போட்டேன். ‘உறவு’ என்ற இடத்தில் தமையன் என்று எழுதினேன். பூசைக்குச் சொல்லி, நல்ல பெட்டி எடுத்து, மலர் வளையம் வைத்து, குறையில்லாமல் அடக்கம் செய்தேன். அவனுக்கு இந்த நாட்டில் என்னைவிட்டால் வேறு யார் இருந்தார்கள்.

இவ்வளவும் உண்மை. அவனைக் கொன்றது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ தாருங்கள், மறுக்கமாட்டேன். ஒரேயொரு வேண்டுகோள், பெரிய மனது பண்ணிக் கேளுங்கள். இதில் பெயரைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் குரோய்டனுக்கு அனுப்பவேண்டாம்.