ஒரு சொட்டு டீசல்

— நான் சொல்றத முழுசா கேளு தனம், டீசல்ல செம்பனை எண்ணெய்க் கலப்பைக் கூட்டின மாசத்துலேர்ந்து என் பஸ்ஸு...

— கலப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். கோயிலுக்குப் போவ மாட்டேன்னு சொல்லுங்க.

— நூறு லிட்டர் ஊத்தினா நானூறு கிலோமீட்டர் ஓடின பஸ்ஸு, இப்ப முந்நூத்தி அறுபதுலயே...

— போவ மாட்டேன்னு சொல்லுங்க மொதல்ல.

— நான் கிலோமீட்டரப் பத்திப் பேசறேன், நீ கோயிலப் பத்திப் பேசற.

— உங்க சூப்பர்வைசர் மகேஸ்வரன் உங்கள சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரா இல்லையா? பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வரைக்கும் தெரிஞ்சிருக்கு. பஸ் டிரைவர் அய்யாவு டீசல் திருடிட்டாராம், முனீஸ்வரர் முன்னால சத்தியமாம். நான் பொண்டாட்டி, எனக்குத்தான் கடைசியில தெரியுது.

— சொன்னாரு. நேத்து சொன்னாரு. ‘கலப்பு மாறினதால மத்த பஸ்ஸுல நூத்துக்கு ரெண்டு லிட்டர் கொறையுது, ஒத்துக்கறேன். உன் பஸ்ஸுல பத்து கொறையுதே அய்யாவு. போலீசா கோயிலா, நீயே சொல்லு’ன்னாரு. இருபத்திரெண்டு வருசமா பாசிர் கூடாங் ஃபேக்டரிக்கு ஆள் ஏத்தறேன் லா. தோட்டத்துல ஆள வேல வாங்கற மண்டோரு மாதிரி இடுப்புல கைய வச்சுக்கிட்டு கேக்கறாரு.

— போலீசே பரவால்லங்க.

— என்ன பேசற நீ?

— போலீஸ்னா எழுதிக்குவாங்க. கேள்வி கேப்பாங்க. ஒண்ணும் இல்லன்னா விட்டுருவாங்க. முனீஸ்வரர் எழுதிக்கவும் மாட்டாரு, விடவும் மாட்டாரு.

— திருடினவனுக்குத்தானே அந்தப் பயம். நான் எதுக்குப் பயப்படணும்?

— சத்தியம்னாலே பயம்தாங்க. நம்ம மக லோஷினிக்கு ஒம்போதாம் மாசம். வீட்டுல ஒரு பிள்ளத்தாச்சி இருக்கறப்ப சூடத்துல கைய வைப்பாங்களா யாராச்சும்?

— லோஷினி இங்கயா இருக்கா? காஹாங்ல மாமியார் வீட்டுல இருக்கா.

— காஹாங்குக்கு வழி தெரியாதா சாமிக்கு?

— இந்த வாய்க்குத்தான் உன்னக் கட்டினேன். கேளு, கணக்கு கணக்குதான். மெக்கானிக் லெட்சுமணன் சொன்னான், செம்பனை எண்ணெய்க்கு டீசல் அளவுக்கு சூடு இல்லியாம். எரியும், ஆனா தள்ளாதாம். பழைய இஞ்சின்னா ஃபில்டர் வேற அடைச்சுக்கும். என் பஸ்ஸு எவ்ளோ பழசு? அதான் கூடக் குடிக்குது. நம்ம மாப்பிள்ள ரூபேந்திரன் காஹாங் மில்லுல பிழியற எண்ணெய், சுத்திக்கிட்டு வந்து என் டேங்க்ல விழுந்து என் பேரக் கெடுக்குது.

— அப்ப ரெண்டு லிட்டருக்குப் பத்து லிட்டர் ஆவுமா?

— நீயா இத கேக்கற? ‘கலப்பு டீசல்தாங்க குடிக்குது, ரேடியோல சொன்னாங்க’ன்னு ஏழு மாசத்துக்கு முன்ன மொதல்ல சொன்னதே நீதானே. நான் அத நம்பித்தான் எல்லார்கிட்டயும் வாதாடறேன்.

— சொன்னேன்.

— பின்ன? நானே யோசிச்சுப் பாத்தேன் தனம், வேற எவனாச்சும் எடுக்கறானோன்னு. பகல்ல பஸ்ஸ விட்டு நான் நகர மாட்டேன். பொழுது சாஞ்சா நம்ம வீட்டுப் பின்னாலதான் நிக்குது. நீ இருக்க. எவன் வருவான்?

— எவனும் வர மாட்டான்.

— அதான் சொல்றேன். முன்ன டீசல் மலிவா இருந்தப்ப மொதலாளி மீட்டரத் திரும்பிக்கூடப் பாக்கல. வெல ஏறினதுலேர்ந்து சொட்டு சொட்டா எண்றாரு.

— சோத்த ஏன் கரண்டியில அள்ளறீங்க?

— சூடா இருக்கு.

— பழைய சோறு சூடா இருக்கா?

— அத விடு லா.

— வலது கைய ஏன் மடியிலயே வச்சிருக்கீங்க? காட்டுங்க.

— தனம், சாப்பிட விடு.

— காட்டுங்கங்க. அய்யோ, அலமாக்... கருகிப் போயிருக்கே. எப்ப போனீங்க?

— காலையில. ஷிஃப்டு ஆளுங்கள எறக்கிட்டு நேரா போயிட்டேன். நீ இப்படி ஆடுவன்னுதான் சொல்லல.

— பண்ணிட்டீங்களா?

— முடிஞ்சுது. மகேஸ்வரன் தோள்ல தட்டி, ‘போதும் அய்யாவு, இனி யாரும் கேக்க மாட்டோம்’னாரு. நீ சந்தோசப்படணும்.

— என்னன்னு சொல்லி அணைச்சீங்க?

— சத்தியம்னா சத்தியம்தான்.

— வார்த்தய சொல்லுங்க. ஒரு வார்த்த விடாம சொல்லுங்க.

— ‘நான் எடுக்கல’ன்னு.

— அவ்ளோதானே? நான் எடுக்கலன்னு மட்டும்தானே? சாமி, முனீஸ்வரா.

— அவங்க கேட்டது அவ்ளோதான்.

— நீங்க?

— பின்னால நின்னு ரெண்டு டிரைவருங்க சிரிச்சானுங்க தனம். எனக்குப் பொறுக்கல. ‘என் கை தொடல, என் வீட்டுக்கு ஒரு சொட்டு வரல’ன்னேன்.

— வீட்ட எதுக்குங்க இழுத்தீங்க?

— வீடு சுத்தமாத்தானே இருக்கு. ஏன் இழுக்கக் கூடாது?

— அதோட விட்டீங்களா?

— ‘வந்திருந்தா என் மக வயித்துல இருக்கறது எனக்குத் தங்க வேணாம்’னேன். கீழ ஒக்காராத, ஏய். என்னாச்சு? தனம், பொய் சொல்றவனுக்குத்தான் அது. நமக்கு அது வெறும் வார்த்த. வளைகாப்புக்கு உன் சீட்டுக் காசுல ஒரு ஜோடி வளையல் போட்டியே, எங்கிட்ட ஒத்தக் காசு கேக்காம. அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த சாமி கெடுதல் பண்ணும்?

— பேசாதீங்க. கொஞ்ச நேரம் பேசாதீங்க.

— சரி, பேசல. கை எரியுது. பைப்புல தண்ணி வெட்டுற நாளுக்குன்னு பின்னால ரெண்டு பெரிய பீப்பா தோங் நெறைய புடிச்சு வச்சிருக்கல்ல, ஒரு சொம்பு மொண்டுட்டு வர்றேன்.

— அத தொடாதீங்க.

— ஏன்?

— பைப்புல தண்ணி வருது. பைப்புல காட்டுங்க.

— அது என்ன, அந்த மூடியத் தொட்டாலே கத்தற? போன வாரம் பஸ் கழுவ எடுக்கப் போனப்பயும் இப்படித்தான்... இரு, போன் அடிக்குது. மாப்பிள்ள. பகல்ல மில்லுல இருப்பாரே, இந்த நேரத்துல கூப்பிட மாட்டாரே.

— எடுக்காதீங்க.

— லோஷினி விசயமா இருக்கும் தனம். நல்லதா இருக்கும். நாள் நெருங்கிடுச்சுல்ல.

— முனீஸ்வரர்கிட்ட போயி அந்த சத்தியத்த திருப்பி வாங்க முடியுமாங்க?

— பைத்தியமா உனக்கு? கைய விடு, எடுக்கறேன்.

— எடுங்க. எடுக்கறதுக்கு முன்ன இத கேட்டுக்குங்க. பின்னால அந்த ரெண்டு தோங்லயும் இருக்கறது தண்ணி இல்லைங்க, உங்க பஸ்ஸுலேர்ந்து நான் எடுத்த டீசல். லோஷினி கையில போட்ட வளையலும் அப்படி எடுத்து வித்த காசுதான்.