நீல நூல் ரெண்டு

அந்த நீல நூலு ரெண்டும் பொறவு போட்டது டீச்சர். மத்ததெல்லாம் கருப்பு, நீங்க பாத்துட்டுப் போனது. ஆமா, தையல் பிரிஞ்சுட்டு. நீங்க போன நாலாம் நாளு. இருங்க, ஏசாதீய. மொதல்ல உக்காருங்க. மெட்ராஸ்லருந்து ரயில்ல வந்த அலுப்பு மொவத்துலயே தெரியுது. பிங்கிக்கு இப்ப ஒண்ணுமில்ல. ஒங்களக் கண்டதும் எப்படி வால ஆட்டிக்கிட்டு ஓடியாந்துச்சு, பாத்தீயள்லா.

போன்ல சொல்லலதான். எப்படிச் சொல்லுவேன்? ஒங்க மவளுக்கு எட்டாம் மாசத்துலயே ஆபரேசன், புள்ள கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்குன்னு அழுதுக்கிட்டே சொல்லுதீய. அதுக்கு மேல நா என்னத்தச் சொல்ல, ஒங்க நாய்க்கு வயித்துத் தையல் விட்டுப் போச்சுன்னா? நல்லாருக்கு டீச்சர்னுட்டேன்.

மொதல்லருந்தே சொல்லுதேன். அப்பத்தான் ஒங்களுக்கு வெளங்கும்.

நீங்க போவும்போது என்ன சொன்னீய? காலைலயும் சாயங்காலமும் மாத்திரை. மருந்துல பஞ்ச நனச்சுத் தையல் மேல ஒத்தணும். கழுத்துல மாட்டிருக்க பிளாஸ்டிக்குக் கூம்ப மட்டும் கழட்டிரக் கூடாது, நக்குனா புண்ணு ஆறாது. எல்லாத்துக்கும் சரி சரின்னு தலைய ஆட்டுனேன். கேட்டச் சாத்திட்டுத் திரும்புதேன், அது என்னையவே பாத்துக்கிட்டு நிக்கி. ஆறு வருசமா இந்த வீட்டுக்கு வாரேன். நா வரும்போதெல்லாம் நீங்க அதப் பொறவாசல்ல கட்டிப் போட்டுருவீய. அது ஒரு தடவ குலைச்சா, நா கையில இருக்க வேலைய விட்டுட்டு அப்படியே நிப்பேன். சங்கிலி இல்லாம அதுக்கு முன்னால நின்னது அன்னைக்குத்தான்.

மொத நாளு சோத்துத் தட்டப் பெருக்குத வாரியக் குச்சியால தள்ளி விட்டேன். சிரிக்காதீய டீச்சர். மாத்திரையச் சோத்துக்குள்ளதான் பொதச்சு வச்சேன். சோத்தத் தின்னுட்டு மாத்திரைய மட்டும் தட்டுலயே ஒதுக்கிட்டு. மருந்து ஒத்தணுமே, கிட்டப் போவணுமே. தூரத்துல நின்னுக்கிட்டே பாட்டிலப் பீச்சி அடிச்சேன். அந்தா செவுத்துல பழுப்பாத் தெரியுதுல்லா, அது அந்த மருந்துதான். தேச்சுக் கழுவியும் போவல.

மறுநா கோழி ஈரல அவிச்சு, அதுக்குள்ள மாத்திரைய வச்சுப் போட்டேன். அப்படியே முழுங்கிட்டு. முழுங்கிட்டு மல்லாந்து படுத்துட்டு. அப்பத்தான் புண்ண முழுசாப் பாத்தேன். ஒரு சாண் நீளம். முடிய மழிச்சு விட்டதுனால வயித்துத் தோலு பச்சப் புள்ளத் தோலு மாதிரி செவப்பா இருக்கு. கர்ப்பப்பையவே எடுத்துட்டாவோன்னு நீங்க சொன்னீயள்லா, அது நெனப்பு வந்துச்சு. ரெண்டு கையிலயும் துணிப்பைய மாட்டிக்கிட்டு, மூச்சப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தி எடுத்தேன். அது ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் உள்பாவாடை வரைக்கும் வேர்த்துப் போச்சு.

நாலாம் நாளு அடுப்படில பாத்திரம் வெளக்கிட்டு இருக்கேன், டமார்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா, கதவு நெலையில போட்டு இடிச்சு இடிச்சு அந்தக் கூம்ப ஒடச்சிட்டு. ஒடச்சிட்டு, வளஞ்சு படுத்து நக்கிக்கிட்டுக் கெடக்கு. வேண்டாம்ட்டி, ஏட்டி பிங்கி, வேண்டாம்ட்டின்னு வாசல்லயே நின்னு கத்துதேன். வாரியல வச்சுத் தரையில அடிக்கேன். அது காதுலயே வாங்கல. முன்னாடிப் பல்லால ஒரு முடிச்சப் பிடிச்சு இழுக்கு டீச்சர். தோலு வாயத் தொறந்த மாதிரி விரிஞ்சு, ரத்தமும் தண்ணியுமா வடியுது.

தெருவுக்கு ஓடுனேன். பக்கத்து வீட்டு மெஹர் பானுவக் கூப்பிடலாம்னு பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு, கடையநல்லூர்ல ஏதோ கல்யாணமாம். தெருவுல ஒரு ஈ, காக்கா இல்ல. திரும்பி வந்தேன். அதுவரைக்கும் அது கடிச்சிருமோன்னு பயம். இப்ப கொடலு வெளிய வந்துருமோ, டீச்சருக்கு நா என்ன பதில் சொல்லுவேன்னு பயம். எந்தப் பயம் பெருசுன்னு யோசிக்க நேரமில்ல. போய் ரெண்டு கையாலயும் கழுத்தப் பிடிச்சு இழுத்துட்டேன். வெடுக்குன்னு திரும்புச்சு. பல்லு இங்கன கீறிட்டு. இந்தா, மணிக்கட்டுக்கு மேல. கடிச்சுச்சுன்னு சொல்ல மாட்டேன், பாவம், அதுக்கு வலி. பல்லு பட்டுட்டு, அவ்வளவுதான்.

பிங்கிக்கு ஆபரேசன் பண்ணுன டாக்டருக்குப் போன் போட்டேன். சுத்தமான துண்ட வயித்துல சுத்தி ஒடனே கொண்டாங்கன்னாரு. ஆட்டோ மணிமுத்து வந்தான். வந்தவன் தொட மாட்டேங்கான், கடிக்குமா சங்கரேஸ்வரியக்கான்னு என்கிட்டயே கேக்கான். யாருகிட்டக் கேக்கான் பாருங்க! நாந்தான் தூக்குனேன். மேலகரத்துலருந்து தென்காசி போற வரைக்கும் என் மடியிலதான். அது மூச்சு என் மொவத்துல படுது. நா கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். அங்கன போனா டாக்டருக்கு ஒத்தாசைக்கு இருக்க ஆளு அன்னைக்கு வரல. தலையப் பிடிங்கம்மா, அசைய விடாதீங்கன்னுட்டாரு. மரத்துப் போற ஊசி போட்டுத்தான் தைச்சாரு, ஆனாலும் அதுக்கு ஒரே நடுக்கம். அந்த நடுக்கத்துல என் நடுக்கம் எது, அது நடுக்கம் எதுன்னு தெரியல.

தைச்சு முடிச்சு, புதுக் கூம்பு மாட்டி விட்ட பொறவுதான் அவரு என் கையப் பாத்தாரு. பிங்கியோட ஊசி நோட்டு நீங்க வச்சுட்டுப் போன மருந்துப் பைக்குள்ளதான இருந்துச்சு, எடுத்துப் பாத்துட்டு, வருசம் தவறாம தடுப்பூசி போட்டிருக்கு, பயப்படாதீங்க, இருந்தாலும் சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு பெரியாஸ்பத்திரில காட்டிருங்கன்னாரு. அங்கன இருந்த கொழாயில நின்னு கழுவுனேன், கழுவுனேன், அவரு வந்து போதும்மான்னு கொழாய மூடுத வரைக்கும் கழுவுனேன். அன்னைக்கே ஊசியும் போட்டுட்டேன். மூணு ஆயிட்டு. இன்னும் ஒண்ணு இருக்கு.

அதுலருந்து நா காலைல வந்ததும் மொத வேலை என்ன தெரியுமா? தண்ணிச் சட்டிய அது முன்னால வச்சிட்டு, எதுக்க உக்காந்து பாக்கது. குடிக்கா, இல்லையான்னு. ஆறாம் நாளு சட்டிய மோந்து பாத்துட்டு மொவத்தத் திருப்பிக்கிட்டு. மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டு எறங்கல. எனக்குச் சோறு எறங்கல. டாக்டருக்கு மூணு தடவ போன் போட்டேன். மூணாந் தடவ, ஏம்மா, கூம்பு தட்டுறதுனால குடிக்க முடியாம இருக்கும், சட்டிய ஒசத்தி வைங்கன்னு சத்தம் போட்டாரு. மணையத் தூக்கிப் போட்டு அது மேல வச்சேன். சளப்பு சளப்புன்னு குடிச்சுது பாருங்க, அம்புட்டுத் தண்ணியும். நா துணி தொவைக்க கல்லுல உக்காந்து அழுதுட்டேன்.

இல்ல டீச்சர், ஊசி போட்ட நாயின்னு தெரியும். டாக்டரு சொன்னாருல்லா. அறிவுக்குத் தெரியுது. ஆனா தண்ணி குடிக்காம ஒரு உசுரு இருக்கத நா இன்னொரு தடவ பாக்க முடியாது.

எனக்கு ஒரு பொட்டப் புள்ள இருந்தா. இல்ல, ஒங்ககிட்ட எனக்கு ரெண்டும் பயலுவன்னுதான் சொல்லியிருக்கேன். மூத்தது அவ. இசக்கிசெல்வி. ஆறு வயசு. அப்ப நாங்க சுரண்டைப் பக்கம் இருந்தோம். தெருவுல கெடந்த குட்டி நாயி, அவளே தூக்கிக் கொஞ்சுனதுதான், கரண்டக் கால்ல பல்லு பட்டுட்டு. முள்ளுக் கீறுன மாதிரி ஒரு கோடு. அன்னைக்கு நடவு. வண்டி வந்து நிக்கி, ஆளுங்க கூப்பிடுதாவோ. மாமியா சுண்ணாம்பு வச்சு விட்டா. சாயங்காலம் வந்து பாத்துக்கிடலாம்னு நா வண்டில ஏறிட்டேன். சாயங்காலம் அவ நல்லா ஓடி வெளையாடுதா. நானும் விட்டுட்டேன்.

ஒன்றரை மாசம் ஒண்ணுமில்ல. ஆடி மாசம் ஐந்தருவிக்குக் கூட்டிட்டு வந்தோம். பொம்பளையாளுவ பக்கம் தண்ணிக்குள்ள நின்னவள வெளிய இழுக்க முடியல, இன்னும் செத்த நேரம்மா, இன்னும் செத்த நேரம்மாங்கா. அதுக்கு அடுத்த வாரம் தாகம்மான்னா. டம்ளர்ல தண்ணியக் குடுத்தா அலறுதா. தாகம்ங்கா, கொண்டு போனா தட்டி விடுதா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். மூணு நாளுதான் இருந்தா.

நீங்க எதுக்கு அழுவுதீய? பதினெட்டு வருசம் ஆச்சு டீச்சர்.

அம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எதுக்கு ஒத்துக்கிட்டேன்னா... என்ன சொல்ல. அன்னைக்கு ஒங்க மவ ஆஸ்பத்திரில கெடக்கான்னு போன் வந்ததும், ஒரு கால்ல ஒரு செருப்பு, மறு கால்ல வேற செருப்பு போட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கீய. நாயப் பாக்கீய, தெருவப் பாக்கீய. போங்க டீச்சர், இங்கன நா பாத்துக்கிடுதேன்னு எனக்கே தெரியாம வாயில வந்துட்டு. அந்த நடவு அன்னைக்கு, நீ புள்ளயப் பாரு, ஒன் வேலைய நா பாத்துக்கிடுதேன்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா வண்டிலருந்து எறங்கியிருப்பேனா என்னமோ. தெரியல.