புழு இல்லாத கத்திரிக்காய்

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர், சின்னக் காஞ்சிபுரம் தந்த செந்தமிழ்ச் செல்வர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யதிராஜன் அவர்களே! தறி நாடாவைக் கீழே வைத்துவிட்டு நியாயத்தைக் கையில் எடுக்க வந்திருக்கும் பிள்ளையார்பாளையத்து நெசவாளப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அணையாத ஐயத்தோடு வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உட்கார இடமிருந்தும் சைக்கிளை விட்டு இறங்க மனமில்லாமல் ஒற்றைக்காலில் நிற்கும் இளங்காளைகளே! கைதட்டி வரவேற்றவர்களே! கைகட்டி முறைத்துக்கொண்டிருப்பவர்களே! உங்கள் அனைவரையும் தமிழாசிரியன் கோதண்டபாணி தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக்கடை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் பதின்மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய சின்னஞ்சிறு கடை. செவிலிமேட்டு விவசாயி முனிரத்தினமும் அவர் மனைவி கிருஷ்ணவேணி அம்மாளும் நடத்துகிறார்கள். தங்கள் நிலத்தில் விளைந்ததைத் தாங்களே பறித்து, தாங்களே சமைத்து, தாங்களே பரிமாறுகிறார்கள். அந்தக் காய்கறியில் நஞ்சு இருக்கிறது, நகராட்சி அந்தக் கடையை மூட வேண்டும் என்பதுதான் இன்றைய தீர்மானம்.

அதை முன்மொழிய வந்தவன் யார்? நான்! மனுவை எழுதியவன் யார்? நான்! முதல் கையெழுத்து யாருடையது? அதுவும் நான்!

கைதட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் கண்டதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் தோன்றினால் தட்டுங்கள்.

என் மனைவிக்கு வேலூரில் வேலை. ஆகவே எனக்குப் பகல் சாப்பாடு கடையில்தான். தை மாதத்தில் முனிரத்தினம் கடை திறந்த அன்றைக்கே நான் போனேன். வாசலில் பலகை: ‘எங்கள் நிலத்துக் காய், எங்கள் கைச் சமையல்.’ என்ன குழம்பு என்று கேட்டேன். “காலையில இன்னா பறிச்சோமோ அதான் வாத்தியாரே” என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. உலகத்தில் எந்தக் கடைக்காரன் இப்படிப் பதில் சொல்வான்?

முதல் மாதமே ஊர் இரண்டாகப் பிரிந்தது. நம் பூக்காரம்மா மரியம்மாள், “வெண்டிக்கா வெண்டிக்கா மாதிரியே இருக்குதுபா” என்று புகழ்ந்தார். உடனே என்ன சொன்னோம்? அந்த அம்மாவுக்கு அங்கே ஓசிச் சாப்பாடு என்றோம்! டவுன் பஸ் கண்டக்டர் கண்ணாயிரம், “நாலு நாளா பூசணிக்கா. குழம்பும் பூசணி, கூட்டும் பூசணி. அஞ்சாவது நாளு மோர்லயும் போட்டுடுவான்” என்றார். அதை மட்டும் உடனே நம்பினோம். பாராட்டினால் கையூட்டு, பழித்தால் நேர்மை. இதுதானே நம் தராசு?

இன்னும் கேளுங்கள். சோறு அளவில்லாமல் போடுகிறானே, ஏன்? ஏதோ உள்நோக்கம். இனிக்க இனிக்கப் பேசுகிறானே, ஏன்? நகராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறான். பேசாமல் இருக்கிறானே, ஏன்? எதையோ மறைக்கிறான். சைக்கிளில் வரும் கூடையைச் சாக்குப் போட்டு மூடுகிறானே, ஏன், ஏன், ஏன்? வெயிலுக்காக மூடியிருக்கலாம் என்று நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. நான் படித்தவன் அல்லவா!

ஆவணி மாதம் ஒருநாள், என் இலையில் கத்திரிக்காய்க் கூட்டு. அதில் ஒரு புழு. வெந்த புழு. அரிசி அளவு இருக்கும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் காதோடு சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எழுந்தேன். இலையை இரண்டு கையாலும் ஏந்தினேன். நாற்பது மாணவர்களை அடக்கும் குரலில், “புழு! புழு! புழு!” என்று முழங்கினேன். பன்னிரண்டு பேரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். அந்த மனிதர் வாசலில் நின்று, “மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க” என்று போகிறவர் ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ வெற்றி பெற்றவனைப் போல நடந்து போனேன்.

ஒரு வாரம் போயிற்று. கண்ணாயிரம் ஒரு செய்தி கொண்டுவந்தார். முனிரத்தினம் அவருடைய பஸ்ஸில் செவிலிமேட்டுக்குப் போனாராம். மடியில் ஒரு டப்பா. மேலே மண்டையோட்டுப் படம். பூச்சிமருந்து! ஆகா, அகப்பட்டான்!

அதற்கு மறுநாளிலிருந்து பத்து நாள் கடையில் காய் என்பதே கிடையாது. ரசம், அப்பளம், மோர், பருப்புத் துவையல். காய் எங்கே என்றால் பதில் இல்லை. பதினோராம் நாள் கத்திரிக்காய் திரும்பி வந்தது. பளபளவென்று வந்தது. நான் பிரித்துப் பார்த்தேன், கிளறிப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்தும் பார்த்தேன். ஒரு புழு இல்லை! புழு இருந்தபோது சீச்சீ என்றவன், புழு இல்லாதபோது ஐயையோ என்றேன். இதற்கிடையில் நம் வீராசாமி இரண்டு நாள் வாந்தியெடுத்துப் படுத்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மனு எழுதினேன். எழுபது பேர் கையெழுத்துப் போட்டீர்கள்.

என்றாலும் மேடையில் ஏறினால் ஆதாரம் வேண்டுமே! டப்பாவைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விடியும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனேன். பாலாற்றுப் பக்கம் அவர்கள் நிலம். சொல்லாமல் போனேன். திருடனைப் பிடிக்கப் போகிறவன் சொல்லிவிட்டா போவான்?

வேலி ஓரமாக எட்டிப் பார்த்தேன். கிருஷ்ணவேணி அம்மாள் கத்திரிச் செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் புழுவைக் கையால் எடுத்து ஒரு சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். முனிரத்தினம் வரப்பில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து, பறித்த காயை நான்காகப் பிளந்து வெளிச்சத்தில் பார்க்கிறார். நல்லது கூடைக்கு. சொத்தை மாட்டுக்கு. கூடையைவிட மாட்டுக்குத்தான் அதிகம் போயிற்று.

இதைக் கண்டதும் மனம் மாறிவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! யாரோ என் வரவைச் சொல்லிவிட்டார்கள், நாடகம் ஆடுகிறார்கள் என்று நினைத்தேன். நேரே உள்ளே போனேன். “டப்பா எங்கே?” என்றேன்.

முனிரத்தினத்தின் முகம் வெளிறிவிட்டது. அந்த அம்மாள்தான் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இருக்குது சார். வாங்க, காட்டறேன்.”

மாட்டுக் கொட்டகை. உத்திரத்தில் எட்டாத உயரத்தில் கோணிக்குள் டப்பா. இறக்கிக் காட்டினார்கள். முக்கால் டப்பா மருந்து அப்படியே இருந்தது. “அப்படியானால் கால் டப்பா?” என்று கேட்டேன். முனிரத்தினம் தலை குனிந்துகொண்டார்.

“நான்தான் அடிச்சேன் வாத்தியாரே. கிணத்தோரப் பாத்தியில, ஒருவாட்டி. நீங்க இலையைத் தூக்கிக் காட்டினீங்களே, அன்னிக்குக் கடை காலி ஆயிடுச்சி. இனிமே ஒரு புழு வந்தாலும் பொழப்பு போச்சுன்னு பயந்துக்கினு போய் வாங்கிக்கினு வந்தேன்.”

பெரியோர்களே! அந்த நஞ்சை வாங்க வைத்தது எது? இந்த வாய்! தமிழ் சொல்லிக் கொடுக்கும் இதே வாய்!

மிச்சத்தை அந்த அம்மாள் சொன்னார். “சாயங்காலம் அடிச்சார் சார். விடிஞ்சி பாத்தா, அந்தப் பாத்தியில புழுப் பொறுக்கின கோழி பதினொண்ணும் செத்துக் கெடக்குது. இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? காயை நல்லாக் கழுவிட்டாப் போச்சுன்னாரு. நான் பாத்தி நடுவுல போய் நின்னுக்கினேன். எங்கையால இதை ஒருத்தர் இலையில வெக்க மாட்டேன்னேன். மொத்தத்தையும் புடுங்கினேன். தண்ணி பக்கத்துப் பாத்திக்கும் போயிருக்குமேன்னு அதையும் புடுங்கினேன். குழி வெட்டிப் பொதைச்சோம். மேட்டுப் பாத்தி காய்க்கப் பத்து நாள் ஆச்சி, அதுவரைக்கும் பறிக்க ஒண்ணும் இல்ல.”

நான் விட்டேனா? “பத்து நாளும் சந்தையில் காய் வாங்கிப் போட்டிருக்கலாமே?” என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பலகையில எங்க நிலத்துக் காய்னு எழுதி வெச்சிக்கினு சந்தைக் காயைப் போடச் சொல்றீங்களா சார்? நீங்க வாத்தியாரு!” என்றார்.

அடுத்த கேள்விக்குத் தாவினேன். “டப்பாவை ஏன் வைத்திருக்கிறீர்கள்?” “எங்க கொட்டறது? கெணத்துலயா? ஆத்துலயா?” என்று திருப்பிக் கேட்டார்.

அப்போதும் நம்பவில்லை ஐயா, அப்போதும் நம்பவில்லை! மண்வெட்டியை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, அவர்கள் காட்டிய குழியை நானே வெட்டினேன். முழங்கால் ஆழத்தில் செடிகள் வந்தன. கருகிப்போன இலைகளும், அழுகிச் சுருங்கியும் காம்பு விடாமல் தொங்கும் காய்களும் வந்தன. கொத்துக் கொத்தாகக் காய்கள். கோழி இறகுகளும் வந்தன. மருந்து வாடை மூக்கில் ஏறியது. மண்வெட்டியை வைத்துவிட்டு அந்த மண்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “மருந்து அடிச்சோம்னு சொன்னா அப்புறம் யாரு சார் எங்க வாசப்படி ஏறுவாங்க?” என்றார் அந்த அம்மாள். நான் தயங்கித் தயங்கி, “கூட்டத்தில் இதைச் சொல்லட்டுமா?” என்றேன். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். முனிரத்தினம் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். பிறகு, “சொல்லுங்க வாத்தியாரே. கழுவிப் போடலாம்னு நான் சொன்னதையும் சேத்து சொல்லுங்க. அதை வுட்டுட்டு சொன்னா பொய்யாயிடும்” என்றார். அந்த மனிதர் இதோ, கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி தாய்மார்கள் பக்கம் இருக்கிறார். எல்லோரும் கழுத்தை வளைத்துத் திரும்பாதீர்கள், அவர்கள் எங்கும் ஓடிவிட மாட்டார்கள்.

என்ன? வீராசாமி கை தூக்குகிறார். “அப்ப எனக்கு ஏன் வாந்தி வந்துச்சி?” என்று கேட்கிறார். நல்ல கேள்வி. வீராசாமி, உமக்கு உடம்பு கெட்டது என்றைக்கு? புரட்டாசி முதல் சனிக்கிழமை. அன்றைக்குக் கடையில் என்ன சாப்பிட்டீர்? உரக்கச் சொல்லும்! “ரசம், அப்பளம்.” கேட்டீர்களா? காய் போடவில்லை என்று அன்று சண்டை போட்டவரும் இவர்தான். அந்தக் காயில் நஞ்சு என்று கையெழுத்துப் போட்டவரும் இவர்தான்! சரி, அன்று சாயங்காலம் வேறு எங்கே சாப்பிட்டீர்? என்ன, தலையைச் சொறிகிறீர்? “மாமியார் வூட்ல, முந்தின நாள் சாம்பார்” என்கிறார். தாய்மார்கள் பக்கம் சிரிப்பு வருகிறது. வீராசாமி, நீர் வீட்டுக்குப் போகும் வழியைப் பாரும்.

சிரித்தது போதும். முனிரத்தினம் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. நஞ்சை வாங்கினார். அடித்தார். கழுவிப் போடலாம் என்றும் சொன்னார். அன்றைக்கு அந்த அம்மாள் குறுக்கே நிற்காவிட்டால் இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருப்போம்? எனக்குத் தெரியாது. ஆகவே, சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சந்தேகப்படுங்கள்! சோற்றைச் சந்தேகப்படுங்கள், குழம்பைச் சந்தேகப்படுங்கள், இந்தக் கோதண்டபாணி பேசுவதையும் சந்தேகப்படுங்கள்! ஆனால் முகத்துக்கு நேரே கேளுங்கள். டீக்கடையில் கேட்காதீர்கள், தறியோரத்தில் கேட்காதீர்கள், மனுவில் கேட்காதீர்கள். டப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஏழு வாரம் நாம் முதுகுக்குப் பின்னால் பேசினோம். நேரே கேட்க ஒரு நிமிடம்தான் ஆயிற்று. கேட்டதும் உத்திரத்திலிருந்து டப்பா இறங்கிவந்தது. கேட்காத ஏழு வாரமும் அந்தக் குடும்பம் பயத்தைத்தான் சாப்பிட்டது.

தலைவர் அவர்களே! இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. என் கையெழுத்தை அடித்துவிட்டேன். வேறு யாராவது முன்மொழிவதானால் இதோ ஒலிபெருக்கி. வரலாம். நான் ஒதுங்கி நிற்கிறேன்.

…யாரும் வரவில்லை. இல்லை, கண்ணாயிரம் எழுந்து நிற்கிறார். வாருங்கள். வரமாட்டாராம், அங்கிருந்தே கேட்கிறாராம். பின்வரிசைக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். “டப்பா இன்னும் வூட்லதானே இருக்குது? நாளைக்கு மறுபடி அடிக்க மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்?”

சபாஷ் கண்ணாயிரம்! இதுதான் கேள்வி, இப்படித்தான் கேட்க வேண்டும். இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது.

தாய்மார்களே, கொஞ்சம் வழிவிடுங்கள். கிருஷ்ணவேணி அம்மாள் எழுந்திருக்கிறார். அமைதி! சைக்கிள் மணி அடிப்பவர் யார்? நிறுத்துங்கள். அந்த அம்மாள் சொல்வதை ஒரு சொல் விடாமல் சொல்கிறேன்.

“நிச்சயம் ஒண்ணும் இல்லண்ணா. வாயால சொன்னா நீங்க நம்பணும்னு இல்ல. நிலத்துக்கு வாங்க. பறிக்கிறப்ப பக்கத்துல நில்லுங்க. நாளைக்கு முள்ளங்கி இருக்குது, பாகக்கா இருக்குது. உங்க கையாலயே பறிச்சிக் குடுங்க, நான் ஆக்கிப் போடறேன்.”

கண்ணாயிரம் யோசிக்கிறார். தலையைத் தடவுகிறார். இன்னும் முகத்தில் சந்தேகம் தெளியவில்லை. இருக்கட்டும், தெளிய வேண்டாம். என்ன சொல்கிறார்? “அஞ்சரைக்கு வர்றேன்மா. ஆறு மணிக்கு எனக்கு பஸ் எடுக்கணும்” என்கிறார்.

இப்போது தட்டுங்கள் கையை!

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்ட கேள்விகளுக்கும், மூன்று முறை ஓசை விட்டுப் போனாலும் கூட்டத்தைக் கைவிடாத ஒலிபெருக்கிக்காரருக்கும், என்னை இடைமறிக்காத தலைவருக்கும், தங்கள் பிழையைத் தங்களைவிட உரக்கச் சொல்ல அனுமதித்த அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் என் நன்றி. இந்தத் தெருவுக்கும், இதில் வாழும் எல்லோருக்கும், என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.