நியே கோச்சின் பிள்ளை

ஆட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போடுவது பெரிய வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும், உப்பு கைக்கு அடங்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அணிக்கு வந்த அமெரிக்கர்கூட முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு என் புளித்த முட்டைக்கோஸ் குழம்புக்குத் தட்டை நீட்டிக்கொண்டு அவர்தான் முதல் ஆளாக நின்றார்.

ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் நீங்கள் என் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்துப் போனீர்கள். அதில் என்ன இருந்தது என்று இந்நேரம் தெரிந்திருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே பிள்ளை, ஷோவ்யி. ஹார்பின் பனிப்புலிகள் கூடைப்பந்து அணியில் கூடைக்கு அடியில் நின்று ஆடுகிற பெரிய உடம்புக்காரன். சீசனுக்கு முன்னால் லீக் வைக்கிற ஓட்டப் பரீட்சை உங்களுக்கும் தெரியும். மைதானத்தின் குறுக்கே போய்த் தொட்டுத் திரும்பி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேறாதவன் பெயர் பட்டியலில் ஏறாது. பரீட்சைக்கு முந்தின வாரம் பையனுக்குக் காய்ச்சல், நெஞ்சு வேறு படபடவென்று அடிக்கிறது என்றான். நான் நேராகக் கோச் அறைக்கே போய்ச் சொன்னேன். நியே கோச் சிரித்துக்கொண்டே எனக்கு நாற்காலி போட்டார்.

"அக்கா, நீங்க மடியிலயே வச்சிருந்தா அவன் எப்ப ஓடப் போறான்? ஜுரந்தானே, நல்லா வேர்த்தா ஓடிப்போயிடும்."

வேர்த்தது. பாதி ஓட்டத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயத்தில் அழற்சி என்றார்கள். சாயங்காலம் கோச் தொலைக்காட்சியில் தலையைக் குனிந்துகொண்டு, "பையன் எங்ககிட்ட மறைச்சிட்டான். சொல்லியிருந்தா ஓட விட்டிருப்போமா?" என்றார். நாக்கில் நரம்பில்லாமல் அப்படிச் சொன்னார். செத்துக் கிடந்த என் பிள்ளை பொய்யனாகிவிட்டான். ஆசைப்பட்டு உயிரை விட்ட முட்டாள் என்று என் மாடிக் குடித்தனக்காரர்களே பேசிக்கொண்டார்கள். என் அடிவயிறு அன்று பற்றிக்கொண்டது. அணையட்டும் என்று நானும் விடவில்லை.

கிளப் இரக்கப்பட்டு எனக்குச் சமையற்கட்டில் வேலை கொடுத்தது. கோச்தான் சிபாரிசாம். குனிந்து நன்றி சொல்லிவிட்டுச் சேர்ந்தேன்.

அவருக்குத் தினமும் சூப் ஊற்றியது நான்தானே, அவர் கிண்ணத்திலேயே எதையாவது கலந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கலந்திருக்கலாம். செத்துப் போகிறவருக்கு அதில் என்ன கஷ்டம்? எனக்கு வேண்டியது அதே வாய், அதே வார்த்தை. 'மறைச்சிட்டான்' என்று அவர் தன் சொந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளைதான் காய்லின். அப்போது இளையோர் அணியில் இருந்தான். தாய் விவாகரத்து வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டவள். ஷோவ்யி விழுந்த அன்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடியவன் அவன்தான். அதை நான் மறந்தவள் இல்லை. ஆனாலும் அவசரப்படவில்லை. பிஞ்சைப் பறித்து யாருக்கு என்ன லாபம்? அவன் முதல் அணிக்கு வந்தான், பந்தைக் கொண்டுபோய்ப் பங்கிடுகிற ஆளானான், கேப்டனானான். ஊர் முழுக்க அவன் பெயர் போட்ட சட்டை. கோச் பேட்டிக்குப் பேட்டி என் மகன், என் மகன் என்று பூரித்துப்போனார். அதுவரை அவனுக்கு முட்டையும் மாட்டுக் கறியும் போட்டு வளர்த்தவள் நான்.

வெளியே கறி தின்னக் கூடாது என்பது எங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சட்டம். சந்தைக் கறியில் சில சமயம் கொழுப்பைக் கரைக்கிற தீவனத் தூள் இருக்கும். தெரியாமல் தின்றாலும் சிறுநீரில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சோதித்து முத்திரை வைத்த பெட்டியில்தான் எங்களுக்குக் கறி வரும். மாமியார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அவித்த முட்டையைப் பையில் கொண்டுபோகிற கூட்டம் இது. அந்தத் தூள் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் என் தூரத்து உறவுக்காரரிடம் இருந்தது. தெரிந்தவர் பன்றிக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு வருகிற அன்று, கறிக் கொழுக்கட்டை தின்னாவிட்டால் காது உறைந்து விழும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தாயில்லாத பையன் அன்று எங்கே போவான்? வீட்டுக்கு வா என்றேன். வாசலில் நின்று தயங்கினான்.

"சித்தி, கறி வேணாமே. அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு."

"நான் கிளப் கிச்சன்லேர்ந்து எடுத்து வந்த கறிடா. என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். ஷோவ்யியைத் தூக்கிக்கொண்டு ஓடினானே, அந்த நன்றிக்காகக் கறியை இயந்திரத்தில் போடாமல் கையாலேயே கொத்தியிருந்தேன். பூண்டு வினிகரில் தொட்டுத் தொட்டுத் தட்டைக் காலி செய்தான்.

அடுத்த ஆட்டத்தில் சோதனைக்கு அவனையும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று பையன் வெளிறிப்போய் என் சமையற்கட்டுக்கு வந்தான். "அந்தக் கொழுக்கட்டையா இருக்குமோ, சித்தி? சொல்லிடவா?" என்று கேட்டான். தாராளமாகச் சொல்லு, என் வேலை போகும், வயசான காலத்தில் தெருவுக்கு வருவேன், அவ்வளவுதானே என்றேன். அவன் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். விசாரணையில் மருந்து எதையும் தொடவில்லை என்று மட்டும் சொன்னான், கொழுக்கட்டையைப் பற்றிக் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. தடை விழுந்தது. எதிரணி ஊர்களில் கூட்டம் எங்கள் பெஞ்சைப் பார்த்து, "கோச்சு, உங்க வீட்டுப் பன்னிக்குத் தீவனம் வச்சாச்சா?" என்று கத்தியது.

கோச் தொலைக்காட்சியில் வந்தார். சமையற்கட்டில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அவர் குரல் உடைந்திருந்தது. "எங்ககிட்ட மறைச்சிட்டான். இனிமே அவன் எனக்குப் பிள்ளை இல்லை."

வார்த்தை பிசகாமல் சொன்னார். நான் எதிர்பார்க்காததையும் சேர்த்துச் சொன்னார். வெகு காலத்துக்குப் பிறகு அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

அத்துடன் கணக்கு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அப்பா வீட்டுக் கதவைச் சாத்தியதும் பையன் பெட்டியோடு என் வாசலுக்கு வந்துவிட்டான். ஷோவ்யியின் கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஷோவ்யியின் பஞ்சுக் கோட்டு அவனுக்குத் தோளில் கச்சிதமாகப் பொருந்தியது. காலையில் ஆற்றங்கரைக் கூடைப்பந்துத் திடலில் ஓய்வு பெற்ற கிழவர்களோடு ஆடிவிட்டு, மூக்கெல்லாம் சிவந்து வருவான். பயத்தில் கறியையே விட்டுவிட்டான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமல், "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தடை முடிகிற சமயத்தில் தெற்கே ஒரு அணி கூப்பிட்டது. வெப்பமான ஊர், அவன் தாய் இருக்கிற ஊர். பையன் குழந்தை மாதிரி குதித்தான். திரும்ப ஆட விடுவதற்கு முன்னால் உங்கள் ஆட்கள் வீட்டுக்கே வந்து சிறுநீர் எடுப்பார்கள் என்று அவனே சொன்னான். அந்த வாரம் முட்டையும் பூண்டுத் தாளும் வைத்த கொழுக்கட்டைதான் செய்தேன். கறி ஒரு துணுக்குகூட இல்லை, தூள் மட்டும்தான். சோதனையில் மறுபடியும் மாட்டினான். அதனால் என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. தன்மேல்தான் வந்தது. தூக்கத்தில் எதையாவது விழுங்கிவிட்டேனோ என்று என்னிடமே கேட்டு அழுதான். மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன்.

முதல் தடவை ஷோவ்யிக்காக. இரண்டாவது தடவை யாருக்காக என்று கேட்கிறீர்கள். இதென்ன கேள்வி? அவனுக்காகத்தான். விட்டுவிட்டுப் போன தாய் அவனுக்கு வேளாவேளைக்குப் பொங்கிப் போடுவாளா?

எல்லாவற்றையும் செய்தவள் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதை நியே கோச்சுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். அவர் பிள்ளை மருந்து தின்று மறைக்கவில்லை, உண்மையைத்தான் சொன்னான், இவர்தான் நம்பாமல் துரத்தினார் என்பதை அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்கும்போது அவர் முகம் எப்படிப் போனது என்று எனக்கு வந்து சொன்னால் போதும்.

காய்லினிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இளகின மனசு அவனுக்கு, தாங்க மாட்டான். அவன் மனம் நோகும்படி இதுவரை நான் ஒன்றும் செய்ததில்லை.