மொட்டைக் கரட்டை வளைவாக வரைந்த கஸ்பார் அவர்களுக்கு

கற்குவாரிக் கணக்கறையின் கண்ணே, கட்டத்தாளில் காற்றை அளந்த கணித வித்தகரே, கடிந்து பேசத் தெரியாத கஸ்பார் அவர்களே, வணக்கம்!

சேலத்து வெள்ளைக்கல் குவாரியில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணிபுரிந்து இன்று தாங்கள் விடைபெறுகிறீர்கள். தங்கள் பொறுமையையும் பண்பையும் புகழ ஒரு மாலை போதாது. தங்கள் வேட்டியில் மைக்கறை இல்லாத நாளைக் கண்டவரும் இங்கில்லை. ஆகையால் 1962இல் நடந்த ஒன்றை மட்டும் விருந்தினருக்காகச் சொல்லிவிடுகிறோம்.

அந்த ஆண்டு குவாரியில் அதுவரை வைக்காத பெரிய வெடிக்கு ஏற்பாடாயிற்று. கல் சுமக்கும் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் வெடிநேரத்தில் ஒதுங்கும் ஓட்டுக் கொட்டகை, மொட்டைக் கரடு என்னும் பாறைக் குன்றுக்குப் பின்னால் இருந்தது. வெடி காற்றில் எழுப்பும் அதிர்வலை கரட்டின் வளைந்த முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது எவ்வளவு வலு மிஞ்சும் என்று கஸ்பார் கணக்கிட்டார். கட்டத்துக்கொரு எண்ணாக, நொடியில் ஆயிரத்திலொரு பங்காக அலையைத் தாளில் நகர்த்தினார். நான்கு மாதம் கணக்கு மிஷினின் கைப்பிடியை அவர் சுற்றிய சத்தத்தைக் கேட்டு, காப்பிக்கொட்டை அரைக்கிறாராக்கும் என்று நாங்கள் கேலி செய்ததும் உண்டு. கொட்டகைக்கு ஆபத்தில்லை என்று விடை வந்தது. எஞ்சினியர் ஒப்பமிட்டு நாள் குறித்தார்.

முந்தின நாள் காலை, பெண்களின் மேஸ்திரி கண்ணாத்தாள் கணக்கறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, சின்ன வெடிக்கே கொட்டகையில ஓடு பேந்து உழுகுதுங்க. நாளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னா உங்க காயிதத்துல இருக்குது?"

வேறொருவராயின் படித்த மிடுக்கில் திருப்பி அனுப்பியிருப்பார். கஸ்பாரோ கண்ணாத்தாள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். தாள்களை மறுபடி விரித்தார். கட்டங்களுக்குள் அடங்கட்டும் என்று, உருண்டைக் கரட்டைப் படிக்கட்டாக வரைந்திருந்தார். படிக்குப் படி அலை கணக்கில் வலு இழந்தது. கரட்டிலோ படியே கிடையாது. அலை வழுக்கிக்கொண்டு கொட்டகைவரை வந்துவிடும்.

நான்கு மாத உழைப்போடு நல்ல பெயரும் போகும் என்று தெரிந்தே எஞ்சினியர் முன் போய் நின்றார்.

"என் கணக்கு தப்புங்க சார். அங்க யாரையும் நிறுத்தாதீங்க."

பெண்கள் அரை மைல் தள்ளி அனுப்பப்பட்டனர். மறுநாள் வெடி வெடித்தது. கொட்டகையின் கூரை மொத்தமும் உள்ளே இறங்கிவிட்டது. கஸ்பார் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். திங்களன்று புதுத் தாள் எடுத்து, வளைவை வளைவாகவே வரைந்து மிஷினைச் சுற்றத் தொடங்கினார்.

ஐயா, தங்கள் சரியான விடைகளை மேலிடம் பாராட்டட்டும். தப்பென்று தாங்கள் வாய்விட்டுச் சொன்ன அந்தக் காலையைத்தான் நாங்கள் கொண்டாடுகிறோம். தங்கள் துணைவியார் இன்பமேரி அம்மையாருடன் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்வீராக!

சேலம், 31-3-1967

அன்பு மறவா அலுவலகத்தார் ஒன்பது பேர், கையெழுத்து.
கண்ணாத்தாள் முதலாக முப்பத்திரண்டு பெண்கள், கைநாட்டு.