தேறாத கல்

இப்போதெல்லாம் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் குடிப்பதில்லை. பையிலிருந்து சொந்த பாட்டிலை எடுத்துத் திருகுகிறார்கள். கல் பார்க்க வந்தவரும் அப்படித்தான். அதற்காகக் கொன்றேன் என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. நான் அவ்வளவு அற்பன் இல்லை.

என் மேடு முழுக்க வெள்ளைக்கல். வெயிலில் கண் கூசும். சுத்தமான கல்லாக இருந்தால் கம்ப்யூட்டர் சாமான் செய்கிற இடத்தில் கொத்திக்கொண்டு போவார்களாம். ஓடைப் பக்கம் உரத்துக்கு ஆகிற பாஸ்பேட்டும் இருக்கலாமாம். மருமகன்தான் சொன்னான், அவன்தான் இந்தக் கல்லுக்காரரைக் கூட்டி வந்தான். மேட்டைத் தோண்டினால் அடியில் இருக்கும் ஊற்று போய்விடும். ஊற்று போனால் என் ஆடுகளும் நானும் போக வேண்டியதுதான். அதை யாரும் கேட்கவில்லை.

கல்லுக்காரர் கல்லைச் சுத்தியலால் தட்டுவார். உடைந்த முகத்தை நக்குவார். கண்ணோடு ஒட்டின சின்ன லென்ஸில் பார்ப்பார். துண்டுகளைத் துணிப்பையில் போட்டு முடிச்சுப் போடுவார். எல்லாம் ஆன பிறகு சொன்னார்:

"பெரியவரே, இது தேறாது. கல்லுக்குள்ள இரும்புக்கறை ஓடியிருக்கு. ஓடைப் பக்கமும் வெறும் களிமண்ணு. நீங்க நிம்மதியா ஆடு மேய்ங்க."

முட்டி தேய்கிற வரைக்கும் மாட்டுச்சந்தையில் தரகு பார்த்தவன் நான். புகழ்கிறவன் வாங்கமாட்டான். பல் சரியில்லை, நடை சரியில்லை என்று பழிக்கிறவன்தான் ஓட்டிக்கொண்டு போவான்.

"தேறாத கல்லை எதுக்கு இப்படி மூட்டை கட்டுறீங்க?"

"தேறலைன்னும் ஆபீஸ்ல காட்டணுமே, பெரியவரே." சிரித்தார். சந்தையிலும் இப்படித்தான் சிரிப்பார்கள்.

கடைசியாக ஒரு துண்டு எடுக்க, மேட்டில் தோண்டிப் பார்த்திருந்த குழிக்குள் இறங்கினார். "சுத்தியலைக் குடுங்க" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். கைப்பிடிப் பக்கமாக இல்லை.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. மண்டியிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா தேறாது பெரியவரே" என்றார். அந்த நிலையிலும் பேரத்தை விடவில்லை. அந்த உறுதியை நான் மெச்சுகிறேன். இன்னும் சில அடிகளில் வாய் ஓய்ந்தது.

மருமகன் ஓடி வந்தான். "மாமா, என்ன பண்ணிட்டீங்க? அவர்தான் வேண்டாம்னுட்டாரே!"

இவனும் அதே பாட்டு. என் மகளைப் பெண் கேட்டு வந்தபோதும் இவன் வீட்டார் அவள் நிறம் மட்டம் என்றார்கள். அப்புறம் விட்டுப் போனார்களா? ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். இளவயசு உடம்பு, நேரம் பிடித்தது. கையைக் குறுக்கே வைத்தான். முதலில் விரல்களை உடைக்க வேண்டியிருந்தது. மகள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாள். நிலம் அவளுக்குத்தானே.

இன்று கல்லுக்காரரின் மேலதிகாரி இங்கே வந்தார். இதே மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சோதிச்சுப் பார்த்தாச்சு. அவர் சொன்னது நிஜம். ஒண்ணுத்துக்கும் ஆகாத கல்லு. நாங்க இனி அங்க காலே வைக்க மாட்டோம்."

சொல்லும்போது குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். காவலர் கதவைத் திறந்தார். நான் எழுந்து அறைக்கு நடந்தேன்.

ஒன்றுக்கும் ஆகாத நிலத்துக்காக இவ்வளவு பெரிய மனிதர் இத்தனை தூரம் வந்து அழுவாரா?