துஷியின் விரல் நுனிகள்

பாகற்காயை எவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறோமோ அவ்வளவு மொறுமொறுப்பாகப் பொரியும். கத்தியால் அந்த மெல்லிசு வராது. அதனால்தான் போன வருடம் புறக்கோட்டையில் ஒரு நடைபாதைக் கடையில் காய் சீவும் பலகை, ஸ்லைசர், வாங்கினேன். நீங்கள் மேசையில் வைத்திருப்பது அதல்ல, ஷபீகா மிஸ். இது இரண்டாவது. முதலாவதை என் தங்கை குப்பை வண்டியில் போட்டுவிட்டாள்.

நீங்களும் வீட்டில் சமைப்பீர்கள்தானே. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் காலில் இருக்கும் ரப்பர் காய்ந்திருக்க வேண்டும். ஈரமோ எண்ணெயோ பட்டிருந்தால் பலகை வழுக்கும். காயை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. கூடவே ஒரு மூடி தருவார்கள், உள்பக்கம் சிறிய முட்கள் இருக்கும். காயை அதில் குத்தி, மூடியைப் பிடித்துத்தான் தள்ள வேண்டும். கடைசித் துண்டுக்கு ஆசைப்படக் கூடாது. அவசரமாகச் சீவவே கூடாது. நான் பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் விரலிலும் கீறல் விழுந்ததில்லை.

ஆகவே இதைக் கவனக்குறைவு என்று உங்கள் பொலிஸ் புத்தகத்தில் நீங்கள் எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தங்கை துஷ்யந்திக்கு முப்பத்திநாலு வயது. எனக்கு நாற்பத்தெட்டு. அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களையும் வேண்டாம் என்றேன். ஆனால் அவளுக்கு வந்த சம்பந்தத்துக்கு நான்தான் ஓம் சொன்னேன். மாப்பிள்ளை யோகராஜ் கனடாவில் இருக்கிறார். போன ஆவணியில் வந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டு திரும்பிப் போனார். பேப்பர்கள் எல்லாம் சரியாகிவிட்டன. துஷி விசா நிலையத்துக்குப் போய்க் கைரேகை கொடுப்பதுதான் மிச்சம்.

முதல் காயம் உண்மையான விபத்து. அதில் எனக்குப் பங்கில்லை. தை மாதம், ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யோகராஜோடு சிரித்துக் கதைத்தபடி வெள்ளரிக்காய் சீவினாள். மூடி பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கவில்லை. வலது பெருவிரலின் நுனி போயிற்று. இரண்டு நாள் கழித்து விசா நிலையத்தில் இருந்த பிள்ளை பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு, "காயம் ஆறினாப் பிறகு வாங்கோ, இப்ப எடுத்தா ரேகை சரியா விழாது" என்று அனுப்பிவிட்டாள்.

ஆட்டோவில் துஷி அழுதுகொண்டு வந்தாள். காலி வீதியில் இறங்கித் தோசை சாப்பிட்டோம். அவளால் பிய்க்க முடியவில்லை. நான் பிய்த்து ஊட்டினேன். சின்ன வயதில் ஊட்டியதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காயம் ஆறும்வரை மூன்று கிழமையும் தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். இறக்கி வைத்திருந்த சூட்கேசைத் திரும்பவும் அலுமாரிக்கு மேலே ஏற்றினோம். எவ்வளவு அமைதியான நாட்கள் அவை என்று உங்களுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை நான் செய்தது மிகவும் கொஞ்சம். விசா நிலையத்துக்குப் போகும் நாளுக்கு முதல் நாள், பாடசாலையில் ஒரு டீச்சருக்குச் சீவிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு கிலோ பாகற்காய் வாங்கி வந்தேன். மூடியை என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பலகையின் ரப்பரில் தேங்காய் எண்ணெய் தடவினேன். பிறகு குளிக்கப் போனேன்.

"அக்கா, இந்த மூடி எங்க?"

"உடைஞ்சு போச்சு, எறிஞ்சிட்டன். பாத்துச் சீவு. கெதியா முடிச்சாத்தான் வெளிச்சத்தோட கொண்டுபோய்க் குடுக்கலாம்."

நான் குளியலறைக்குள் தண்ணீரைத் திறக்காமல் நின்றேன். பலகை மேசையில் உராயும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றது. இரண்டு விரல்கள், மூன்று தையல்கள். எதிர்வீட்டு நளீபா ராத்தாதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவளுடைய கையை நான் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் தானாகத்தான் வெட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் யோகராஜ் என்னுடைய ஃபோனுக்கு எடுத்தார்.

"அக்கா, ஒருக்கா வெட்டுப்பட்டா விபத்து. ரெண்டாந்தரமும் சரியா முதல் நாளே எண்டா நான் என்னெண்டு நினைக்கிறது? அவவுக்கு வர விருப்பமில்லாட்டி நேர சொல்லட்டும்."

"அப்பிடி நினையாதேங்கோ தம்பி. அவ பயந்த பிள்ளை. மனசில இருக்கிறதை வெளியில சொல்ல மாட்டா."

இதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் பயந்த பிள்ளைதான். அவர் ஃபோனை வைத்துவிட்டார். பிறகு பத்து நாள் துஷிக்கு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. அவள் ஃபோனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். நான் பக்கத்தில் இருந்து தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் அழுததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பழகிவிடும் என்று தெரியும். எனக்கும் அப்படித்தான் பழகியது.

பிறகு எப்படியோ இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். அவர் வக்கீல் மூலம் எழுதி, கைரேகை கொடுக்க இன்னொரு திகதி வாங்கினார். இதுதான் கடைசி, தவறினால் விண்ணப்பம் ரத்து என்று கடிதம் வந்தது. துஷி அன்றைக்கே ஸ்லைசரைக் கொண்டுபோய் எறிந்தாள். வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்கி, இரவும் பகலும் போட்டுக்கொண்டாள். சமையலறைக்குள் வருவதில்லை. கரண்டியால் சோறு சாப்பிட்டாள். கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தாள். நான் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு நாள் போயிருந்தது.

ஒரு பின்னேரம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் போய் ரெண்டு வருஷத்தில உங்களையும் கூப்பிடுவன் அக்கா. அவரிட்டயும் சொல்லிட்டன். உங்களுக்கு எண்டு ஒரு அறை இருக்கு."

மனம் கனிந்துதான் சொன்னாள். ஆனால் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு, தபால்காரரைக் கண்டால் எட்டிப் பார்த்துக்கொண்டு. நான் அப்படி நிற்க முடியாது.

அந்தத் திகதிக்கு முந்திய வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் நூறாம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அதே கடையில், அதே மாதிரியான ஸ்லைசரை வாங்கினேன். கத்தி வெட்டு வேறு மாதிரி இருக்கும். டொக்டர்மார் கண்டுபிடித்துவிடுவார்கள். இதுவென்றால் மூன்றாவது முறையும் அதே விபத்து. மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. யோகராஜ் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதையும் யோசித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு, தும்மல் தடிமனுக்கு வைத்திருந்த தூக்கம் வரும் குளிசைகளைப் பொடியாக்கித் தேத்தண்ணீரில் கலந்து கொடுத்தேன். இரண்டரை மணிக்கு செற்றியில் தூங்கிவிட்டாள். ஒரு பீட்ரூட்டைப் பாதிவரை சீவி, துண்டுகளை நிலத்தில் கொட்டினேன். எழும்பியதும், உனக்குத் தலைசுற்றியது, சீவிக்கொண்டிருந்தபோது விழுந்தாய் என்று சொல்ல இருந்தேன். நான் சொன்னால் அவள் நம்புவாள். எல்லாவற்றையும் அப்படித்தான் நம்பி வளர்ந்தவள்.

அலகை ஆக மெல்லிய அளவில் வைத்தேன். பலகையின் ரப்பரை நன்றாகத் துடைத்தேன், இந்தத் தடவை அது வழுக்கக் கூடாது. இடது கையின் கையுறையைக் கழற்றினேன். எழுதுவது வலது கையால் என்பதால் வலது கையை விட்டுவிட்டேன். மூன்று விரல்கள் போதும் என்று நினைத்தேன். நுனி மட்டும்.

முதல் விரலிலேயே விழித்துவிட்டாள். குளிசை போதவில்லை.

"அக்கா... அக்கா, என்ன செய்யிறீங்கள்?"

"ஒண்டுமில்லை துஷி. இன்னும் ரெண்டுதான். கையை ஆட்டாத, ஆழமா வெட்டிப்போடும்."

அது சரியான அறிவுரை. அவள் கேட்கவில்லை. கையை இழுத்தாள், நான் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன், அவள் உதறினாள். நடுவிரல் முதல் மூட்டோடு போனது அதனால்தான். அதைத் திரும்பப் பொருத்த முடியாது என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவள் அசையாமல் இருந்திருந்தால் மேல்தோல் மட்டும்தான் போயிருக்கும், ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவள் ஓடிப்போய் நளீபாவின் கதவைத் தட்டினாள். எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. "என்னை அவவிட்ட விடாதீங்க ராத்தா, என்னை அவவிட்ட விடாதீங்க" என்று கத்தியது எனக்குக் கேட்டது. யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நான் நிலத்தில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்தபோது பாதி நிலம் துடைத்தாயிற்று.

ஓம், நான்தான் செய்தேன். முதலாவதைத் தவிர மற்ற இரண்டையும் நான்தான் செய்தேன். உங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா இப்போது சிங்களத்தில் கேட்டது எனக்கு விளங்கியது, நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். ஏன் என்று கேட்கிறார். அங்கே ஆறு மாதம் பனி. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. அந்த வீட்டில் அவளுக்கு யாரைத் தெரியும்? இவ்வளவையும் நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

அவளுடைய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். யோகராஜ் நாளைக்கு வந்து இறங்குகிறார் என்றும், எந்த வார்டில் இருக்கிறாள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள் என்றும் சொன்னீர்கள். அது மருந்து மயக்கத்தில் சொன்னது, ஷபீகா மிஸ். நாளைக்கு அவளிடம் இன்னொரு தடவை கேளுங்கள். நான் பக்கத்தில் நின்றால் சரியாகச் சொல்லுவாள்.